தலைமழையும் திறவா நிலவறையும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்கு ஏறும் வழியில், விதுராவுக்கு அப்பால், பாறைகளுக்கிடையே ஓடும் ஆற்றின் பெயராலேயே வழங்கும் ஊர் கல்லாறு. அங்கே ஊரில் வெயில் காயும்போதே ஆற்றில் கலங்கல் நீர் ஏறினால், மலையறிந்தவர் மேலே மழை பெய்திருப்பதை உணர்ந்து கரையேறிவிடுவர். கண்ணால் கண்ட வெள்ளத்தைக் கொண்டு காணாத தலைமழையை அறியும் இவ்வறிவை மணிமேகலை, கருதலளவையின், அதாவது அனுமானத்தின், மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்து, ‘எச்சம்’ என்று பெயரிடுகிறது. நியாய சூத்திரமோ இதே எடுத்துக்காட்டின்மேல் எதிர்வாதியின் வாயால் ஒரு தடையை எழுப்புகிறது: ஓட்டம் எங்கேனும் அடைபட்டாலும் நீர் ஏறும் என்பதால் வெள்ளம் மழைக்குச் சான்றாகாது. இதற்கு அந்நூலின்மேல் வாத்ஸ்யாயனர் எழுதிய உரை தரும் விடை மிக நுட்பமானது. மழைவெள்ளம் விரைந்து வரும். நுரையும் சருகும் பழமும் கட்டையும் சுமந்து வரும். தேங்கி ஏறிய நீரில் இவற்றைக் காண இயலாது. இரு காரணங்களுக்கும் பொதுவான அடையாளத்தோடு நின்றுவிடாமல், ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளத்தைத் தேடிச் செல்வதே கருதல் அறிவாவதற்கு வழி என்பது இதன் பொருள்.

அவ்வடையாளத்தைத் தேடாமல், முன்னரே கொண்ட எண்ணத்துக்கு இசைவானவற்றை மட்டும் திரட்டி, இசையாதவற்றை ஒதுக்கியோ திரித்தோ வைத்துக்கொள்ளும் மனப்போக்கை உளவியலார் ‘உறுதிப்படுத்தல் சார்பு’ என்பர். பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஆய்வில், 2, 4, 6 என்னும் எண்வரிசைக்குரிய விதியைக் கண்டறியப் பணிக்கப்பட்டவர்களில் பலர், தம் ஊகத்துக்குப் பொருந்தும் வரிசைகளையே சொல்லிப் பார்த்தனர். ஊகத்தை உடைக்கக்கூடிய வரிசையைச் சொல்லிப் பார்க்கவில்லை. தனிமனிதரிடம் இது தம்மையறியாமல் நிகழும் பிழை. மறைபொருளையும் சதியையும் பேசும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலோ இதுவே கட்டுமான முறையாகிவிடுகிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ‘பி’ நிலவறையைப் பற்றி 2011 முதல் பல மொழிகளில் ஒளிபரப்பான நிகழ்ச்சிகள் இதற்குத் தெளிவான சான்று.

உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2011 ஜூன் இறுதியில் நிலவறைகள் திறக்கப்பட்டபோது, ‘ஏ’ அறையிலிருந்து வெளிப்பட்ட பொன்னும் மணியும் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் பெறும் என்று செய்திகள் மதிப்பிட்டன. ‘பி’ அறையில் கம்பிக் கதவும் அதன்பின் மரக்கதவும் திறந்தன. அதற்கும் பின்னிருந்த இரும்புக் கதவு இறுகிக் கிடந்ததால் திறக்கவில்லை. நீதிமன்றம் மேற்கொண்டு திறப்பதை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் நடந்த தேவப்பிரசினம், அதாவது சோழி வைத்துத் தெய்வத்தின் கருத்தறியும் சடங்கு, அதைத் திறப்பது தீங்கு என்றது. அன்று அறிந்த செய்தி இவ்வளவே. தொலைக்காட்சித் திரையிலோ இறுகிய கதவு நாகபந்தத்தால், அதாவது நாகங்களைக் காவலாக்கும் மந்திரக்கட்டால், பூட்டப்பட்ட கதவாயிற்று. 1933இல் எமிலி கில்கிறிஸ்ட் ஹாட்ச் எழுதிய திருவிதாங்கூர் வழிகாட்டி நூலில், நிலவறைக்குள் தீவட்டியோடு நுழைய முயன்றோர் நாகங்களைக் கண்டு ஓடியதாக ஒரு குறிப்பு உண்டு. நெடுநாள் அடைத்த ஈரக் கற்கட்டடத்தில் பாம்பு குடியிருப்பது மலைநாட்டில் இயல்பே என்னும் மாற்றுக் காரணம் எண்ணப்படாமலேயே, அக்குறிப்பு நாகபந்தத்துக்குச் சான்றாக்கப்பட்டது. பாம்பு இருந்தால் அது காவல். இல்லையெனில் காவல் இன்னும் உள்ளே இருக்கிறது. எந்த நீர் வந்தாலும் மழை என்றே சொல்லும் ஒருவன் மழையைப் பற்றி ஒன்றும் அறிந்தவனாகான்.

முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராய் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கை, ‘பி’ அறை 1990 முதல் குறைந்தது ஏழு முறை திறக்கப்பட்டதாகக் கூறியது. திறக்கப்பட்டது முன்னறையே, உள்ளறை அன்று என்பது திருவிதாங்கூர் அரச குடும்பத்தாரின் விளக்கம். இவ்விளக்கத்தைச் சார்பின் விளைவு என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. பதிவேட்டைக் கொண்டும் கதவைக் கொண்டும் சோதிக்கத்தக்க கூற்று அது, தவறாக இருக்கும் வாய்ப்பை ஏற்றுக்கொண்ட கூற்று. நிலவறையைத் திறந்தால் சாபம் பற்றும் என்னும் கதையோ அத்தகையதன்று. நிலவறைகளைத் திறக்கும் ஆணைக்கு வழிவகுத்த வழக்கைத் தொடுத்த முன்னாள் காவல்துறை அதிகாரி டி. பி. சுந்தரராஜன் 2011 ஜூலை 17 அன்று நோயுற்று மறைந்ததைச் சாபத்தின் பலனாகக் காட்டுவோர், அறைகளுக்குள் இறங்கிப் பொருள்களை எண்ணியவர்களும் ஆணையிட்ட நீதிபதிகளும் அதன்பின் தத்தம் பணியைத் தொடர்ந்ததை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. பிரான்சிஸ் பேக்கன் 1620இல் வெளியிட்ட நூலில், கப்பல் விபத்தில் பிழைத்தோர் நேர்ந்து கோயிலில் வைத்த படங்களைக் காட்டப்பெற்ற ஒருவர், நேர்ந்துகொண்டும் மூழ்கியோரின் படங்கள் எங்கே என்று வினவியதை எடுத்துரைக்கிறார். ஒரு முதியவரின் மரணத்தைக் காட்சிப்பொருளாக்குவது அறிவுக்குப் பிழை மட்டுமன்று, இறந்தவருக்கும் இழைக்கும் தீங்கு.

தமிழ்ச் சமய மரபு இச்சார்புக்கு எதிராக ஓர் ஒழுங்கை நூலமைப்பிலேயே வைத்திருந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்து, பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து மறுத்த பின்னரே தம் கொள்கையை நிறுவினார். உலகாயதன் கூடத் தன் வழக்கைச் சொல்ல அங்கே இடமுண்டு. மறைபொருள் நிகழ்ச்சிகளில் பரபக்கம் இல்லை. ஐயத்தைத் தீர்க்கும் கடமையை ஏற்காத கேள்விக்குறிகளே உண்டு.

இச்சார்பு உயிரோடிருப்பவர் வாழ்வையும் குலைக்க வல்லது. அதே திருவனந்தபுரத்தில், 1994இல், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன்மீது உளவுக் கதை ஒன்று சுமத்தப்பட்டு, நாளிதழ்கள் அதற்கிசைந்த செய்திகளையே நாள்தோறும் அடுக்கின. மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று கண்ட பின்னும், உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட 2018 வரை ஆயிற்று.

நிலவறையைப் பொறுத்தவரை, 2020 ஜூலை 13 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் திறப்பது பற்றிய முடிவைக் கோயில் குழுக்களிடமே விட்டது. தெய்வத்தின் தனியறையைத் திறக்க வேண்டாம் என்று கருதும் பக்தருக்கு அதற்கான காரணம் பக்தியிலேயே உண்டு. அனந்தன்மேல் பள்ளிகொண்டவனை வணங்குவோருக்கு வரைகலையில் சீறும் நாகம் தேவைப்படுவதில்லை. திருவாய்மொழியில் நம்மாழ்வார் ஒரு பதிகம் முழுதும் பாடிய அனந்தபுரத்தில் சோலை உண்டு, பாம்பணை உண்டு, சென்று தொண்டு செய்ய வாருங்கள் என்னும் அழைப்பு உண்டு; புதையல் இல்லை.