பிணி தீர்க்கச் செல்வோர் முதற்கண் செய்ய வேண்டுவது யாது?

அயல்நாட்டு ஏழைகளின் பிணி தீர்க்க, ஊதியம் வேண்டாது கடல் கடந்து செல்லும் வைத்தியர்கள் பலர். அவர்தம் நெஞ்சில் உள்ளது கருணையே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கருணையுடன் அகந்தையும் கப்பலேறி விடுவதுண்டு. 'நாம் கொடுக்க வந்தோம். இவர்கள் பெற இருக்கிறார்கள்' என்னும் எண்ணமே அவ்வகந்தை. கொடுக்கும் கை மேலாகவும் வாங்கும் கை கீழாகவும் நிற்கும் அந்த முதற் சில நாட்களில், தருமம் அறிந்தோர் எவ்வாறு ஒழுக வேண்டும்? இதுவே நாம் இங்கு ஆராயப் புகுந்த வினா.

மலையாளக் கரையிலுள்ள கொச்சியையும், அதன் பழைய வாணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரியையும் சான்றாகக் கொள்வோம். மிளகு நாடிப் பல நாட்டார் வந்திறங்கிய துறை அது. யானைக்கால் நோய்க்கு ஆங்கிலேயர் 'கொச்சிக்கால்' என்றே பெயரிடும் அளவுக்கு அந்நோயால் வாடிய ஊரும் அதுவே.

அத்தகைய ஊருக்கு வரும் தொண்டர் பெட்டி நிறைய மாத்திரைகளுடன் வருவார். மாத்திரை வேண்டுவதே, இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை அழித்து, கொசுவின் வழியே நோய் பிறரைப் பற்றாமல் அது தடுக்கும். ஆனால் நாட்பட வீங்கிய காலை அது பழைய நிலைக்குக் கொணராது. அக்காலை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு விரலிடுக்கு உட்படக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புண் வாராமல் காத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் காய்ச்சலும் வலியும் அடிக்கடி வருவது குறையும். இவ்வேலையால் புகழ் வாராது. தொண்டர் ஊர் திரும்பிய பின்னும் இதனைச் செய்ய வேண்டியவர் நோயாளியும் அவர் வீட்டாருமே. ஆகவே அவ்வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதைச் சுமப்பவர் யார், கூலி வேலைக்குப் போகிறவர் எந்நேரம் கால் நீட்டி அமர முடியும் என்பவற்றைக் கேட்டறியாதவர் எத்துணை கற்றிருந்தும் பயன் என்ன?

கேட்டறிந்தவர் ஒருவரைக் கொச்சி முன்னரே கண்டுள்ளது. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். 1670 முதல் மலபாரில் அவர்களுக்குத் தலைவராயிருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொண்டர் அல்லர். வாணிகக் கம்பெனியின் அதிகாரி. எனினும் அறியாததை அறிந்தாரிடம் கேட்க அவர் நாணவில்லை. சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் அவருக்கு மூலிகைகளின் இயல்பை உரைத்தனர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலின் முதற் பாகத்தில், இந்நால்வரின் சான்றுரைகளும் அவரவர் எழுத்திலேயே அச்சாகியுள்ளன. பிறப்பைக் காட்டித் தாழ்த்தப்பட்ட குலத்தவர் ஒருவரின் அறிவு, அந்தணர் அறிவுடன் ஒரே நூலில் நின்றது. நம்மவர்க்கு இது சிறு செய்தியன்று.

இதனினும் பழைய சான்று ஒன்றுண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி அளித்ததைக் கூறுகிறார். அவர் குறிக்கும் அயல்நாடுகளுள் சோழ, பாண்டிய நாடுகளுடன் கேரளபுத்திரர் நாடும் உண்டு. மூலிகை இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்தார். வழிகளில் கிணறு தோண்டச் செய்தார். வைத்தியன் போன பின்னும் செடி நிற்கும், கிணறும் நிற்கும்.

'குருதி ஒழுகுவோன் முன் கேள்வி கேட்டு நிற்பதோ?' என்று சிலர் வினவலாம். நேரிய வினா. 1938 செப்டம்பரில் பம்பாயிலிருந்து போர் நடந்த சீனத்துக்குக் கப்பலேறிய ஐந்து இந்திய வைத்தியர்கள், காயமுற்றோரைக் காக்கவே சென்றனர். காயம் எவருக்காகவும் காத்திராது. ஆயினும் அவர்களுள் ஒருவராகிய துவாரகாநாத் கோட்னிஸ் சீன மொழியைக் கற்றார். அம்மக்களுள் ஒருவராய் வாழ்ந்து, 1942இல் தம் 32ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். அவசரம் கையை விரைவுபடுத்தலாம். செவியை அடைக்க வேண்டுவதில்லை.

இவ்வினாவுக்கு விநய பிடகத்தில் விடை உளது. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். உனக்கு என்ன நோய், உன்னைப் பார்ப்பார் உளரோ, ஏன் இல்லை என்று முதலில் கேட்டார். பின் ஆனந்தர் கொணர்ந்த நீரைத் தாமே ஊற்றினார், ஆனந்தர் கழுவினார், இருவரும் அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். அதன் பின்னரே ஏனைய பிக்குகளை அழைத்து அறவுரை கூறினார். கேட்டல், கழுவுதல், கற்பித்தல் என்பதே அவ்வரிசை.

பிணி தீர்க்கச் செல்லும் நம் இளைஞர்கள், கடல் கடந்து சென்றாலும் அடுத்த தெருவுக்குச் சென்றாலும், இவ்வரிசையை மாற்றாதிருப்பாராக. முதல் நாளிலேயே கற்பிக்கத் தொடங்குபவர் நோயாளியைக் காணவில்லை, தம்மையே காண்கிறார்.