கசையடித் தூண் நின்ற முற்றம்

அயல்நாட்டு நகரொன்றின் அழகில் திளைக்கும் உரிமை நமக்கு எதனால் வருகின்றது? பயணச்சீட்டு வாங்கினோம், சென்று சேர்ந்தோம் என்பதனால் மட்டும் அது வந்துவிடுமா? பிரேசில் நாட்டுக் கடற்கரை நகராகிய சால்வடோரில் சில நாள் தங்கியபோது இவ்வினா நம்மை விடாது தொடர்ந்தது.

1549-இல் போர்ச்சுகீசியர் நிறுவிய நகர் அது. 1763 வரை பிரேசிலின் தலைநகராக விளங்கியது. துறைமுகத்தை ஒட்டி ஒன்றும் மேட்டின்மேல் ஒன்றுமாக இரண்டு அடுக்காய் அமைந்தது. மேல்நகரில், மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாய் வண்ணம் தீட்டிய வீடுகளுக்கிடையே சரிந்து இறங்கும் முற்றம் ஒன்று உண்டு. மாலையானால் அங்கே முரசுகள் அதிரும். குழந்தைகளும் முதியோரும் கூடியாடுவர். பெலோரின்யோ என்பது அப்பகுதியின் பெயர். ஓசை இனிமைக்காகவே அப்பெயரை நாம் பலமுறை சொல்லி மகிழ்ந்தோம். பொருள் பின்னரே தெரிந்தது: கசையடித் தூண். ஊரறிய அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த தூணின் பெயரே அவ்விடத்துக்கு நிலைத்துவிட்டது.

பொருள் அறிந்தபின்னும் அம்முரசொலியில் மகிழலாமோ? அடிமைமுறை 1888 மே 13-ஆம் நாளே சட்டத்தால் ஒழிந்தது, பழங்கதையைக் கிளறுவானேன் என்பர் சிலர். நாணித் தலைகுனிந்து திரும்புவதே முறை என்பர் வேறு சிலர். இரண்டும் நமக்கு உடன்பாடல்ல. முன்னது மறதியன்றி வேறில்லை. பின்னதோ, அடிபட்டவர் படைத்த இசையையும் அடித்தவர் கணக்கிலேயே எழுதிவிடுகின்றது.

அந்நகரின் இரு கோயில்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். புனித பிரான்சிஸ்கு ஆலயத்தின் உட்புறம் முழுதும் பொன் வேய்ந்த மரச்சிற்பங்கள், கண் கூசும். அடிமைகளின் உழைப்பில் கொழுத்த செல்வம் அது. சற்றுத் தொலைவில், கசையடித் தூணின் பெயர் தாங்கிய சரிவிலேயே, நீல முகப்புடன் நிற்கின்றது கறுப்பர்களின் செபமாலை மாதா கோயில். 18-ஆம் நூற்றாண்டில், பிறர்க்கு உழைத்தது போகத் தமக்கு எஞ்சிய சிறுபொழுதில், ஆப்பிரிக்க வழியினர் சிறுகச் சிறுகக் கட்டியது. முன்னதில் வியந்தோம், பின்னதில் பேச்சற்று நின்றோம்.

தெருமுனையில் வெண்ணிற ஆடையும் தலைக்கட்டும் அணிந்த பெண்கள் அக்கராஜே விற்கின்றனர். தட்டைப்பயற்றை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கும் பண்டம். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களோடு கடல் கடந்து வந்தது. (வடை தின்று வளர்ந்த நாவுக்கு அதனோடு உறவு கொள்ள நெடுநேரம் ஆகவில்லை.) அடிமைக் காலத்தில் இவ்வாறு தெருவில் விற்ற காசில் ஒரு பங்கைச் சேர்த்துத் தம் விடுதலையையே விலைகொடுத்து வாங்கிய பெண்களும் இருந்தனர். கப்போயிரா ஆட்டத்தின் கதையும் விந்தையே. 1890-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அதைக் குற்றம் என்றது. 2014-இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் மரபுச்செல்வம் என்றது. ஆடியவர் மரபு ஒன்றே. மாறியது பார்த்தவர் கண்.

இவ்வளவும் பழங்காலம் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நம்மை உறுத்தியது வேறொன்று. 1985-இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பெற்ற அப்பகுதியை, 1990-களில் மாநில அரசு புதுப்பித்தது. இடியும் நிலையிலிருந்த வீடுகள் பொலிவு பெற்றன. அவற்றில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள், பெரும்பாலும் கறுப்பினத்தார், சிறுதொகை பெற்று வெளியேறவேண்டியதாயிற்று. அவ்வீடுகள் கடைகளும் உணவகங்களும் ஆயின. எவர்க்காக? நம் போன்ற விருந்தினர்க்காக அன்றோ! கசையடியின் பழியைச் சில தலைமுறைகளுக்கு அப்பால் தள்ளிவிடலாம். இதனை எங்கே தள்ளுவது?

நாம் மகிழாதிருந்தால் வெளியேறியவர் எவரும் வீடு திரும்பப் போவதில்லை. அக்கராஜே விற்கும் பெண்ணின் அடுப்புத்தான் அணையும். ஆகவே துறவு இதற்கு மருந்தன்று. அறிந்து மகிழ்தல் அறியாது மகிழ்தலினும் மேல் என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். ஆயினும் அறிவதனால் மட்டும் கடன் தீர்ந்துவிடுமோ என்னும் ஐயம் நீங்கவில்லை. இன்றும் நீங்கவில்லை.

செவ்வாய் மாலை செபமாலை மாதா கோயிலில் பூசைக்குச் சென்றோம். பீடத்தருகே ஆப்பிரிக்க முரசுகள் முழங்கப் பாடல் எழுந்தது. கூட்டம் நிறைந்திருந்தமையால் வாயிலோரம் ஒதுங்கி நின்றோம். கடைசி இருக்கையிலிருந்த மூதாட்டி ஒருவர் நம்மை ஏறிட்டு நோக்கினார். பின் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். அமர்ந்தோம்.