வாசலில் நிற்பவனின் உரிமை

'உலகப் பிரசை' என்பதை இன்று ஒரு பெருமைப் பட்டமாகக் கையாளுகின்றோம். அதனை முதலிற் சொன்னவராகக் கருதப்படும் கிரேக்க ஞானி டயோஜீனிஸ், சொந்த நகரான சினோப்பிலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்பதை மறந்துவிடுகின்றோம். ஊரிழந்த ஒருவரின் விடையாகவே அச்சொல் பிறந்தது.

பின்வந்த ஸ்தோயிக்கவாதிகள் அதற்கோர் அடிப்படை வகுத்தனர். பகுத்தறிவு எல்லோர்க்கும் பொது. ஆகவே மனிதர் யாவரும் ஒரே சமுதாயத்தினர். உயர்ந்த கருத்துத்தான். ஆயினும் அகதி ஒருவன் வந்து நிற்கையிற் கதவைத் திறக்கவேண்டியவர் யார் என்பதை அது சொல்லவில்லை.

ஜேர்மனியத் தத்துவஞானி இமானுவேல் கான்ட், 1795இல் வெளிவந்த 'நிரந்தர சமாதானம்' நூலில் வேறோர் அடிப்படையைக் காட்டினார். பூமி உருண்டையானது, மனிதர் முடிவின்றி விலகிச் செல்ல இயலாது. அதன் எப்பகுதிக்கும் தொடக்கத்தில் எவரும் மற்றவரைவிட அதிக உரிமையுடையவரல்லர். எனவே பகைவனாக நடத்தப்படாமை அந்நியனுக்கு நாம் இடும் தருமமன்று, அவனது உரிமை. அவனைத் திருப்பியனுப்பலாம், ஆனால், அதனால் அவன் அழிந்துபோகக் கூடாது. இவ்வுரிமை வருகைக்கே, நாடு பிடிப்பதற்கன்று எனக் கூறி ஐரோப்பியரின் ஆக்கிரமிப்பையும் அவர் கண்டித்தார்.

அவர் விதித்த நிபந்தனையிலேதான் சிக்கல் இருக்கிறது. 1939இல் 'சென் லூயிஸ்' கப்பல் 937 பயணிகளுடன் ஹம்பேர்க்கிலிருந்து புறப்பட்டது. பெரும்பாலோர் நாஜிகளுக்குத் தப்பிய யூதர். கியூபா 28 பேரையே இறங்கவிட்டது. அமெரிக்காவும் கனடாவும் இடமளிக்கவில்லை. திரும்பியோரைப் பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியன பகிர்ந்து ஏற்றன. பின்னர் கடைசி மூன்று நாடுகளும் நாஜிகளின் கைப்பட, 254 பேர் மாண்டனர். மறுத்த நாடுகள் அவர்களின் சாவை விரும்பியிருக்கமாட்டா. எல்லோர்க்கும் பொதுவான கடமை ஒருவருக்கும் கடமையாகாமற் போயிற்று, அவ்வளவுதான்.

ஒரு நாடு எத்தனை பேரைத்தான் ஏற்பது என்ற கேள்வி நியாயமானதே. சுமையைப் பின்னர் பங்கிடலாம். ஆனால், அழிவு நேருமோ என ஐயம் எழுமிடத்து, அவ்வையத்தின் பலன் வாசலில் நிற்பவனுக்கே சேரவேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் 33ஆம் உறுப்புரை, சில விதிவிலக்குகளோடு, உயிராபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பியனுப்புவதைத் தடுக்கின்றது. முகவரியின்றிக் கிடந்த கடமைக்கு அது முகவரி கொடுத்தது: அவன் வந்து சேர்ந்த வாசலே அது.

இது ஹவானாவின் பழங்கதையுமன்று. 2024 டிசம்பரில் ரொஹிங்கிய அகதிகளின் படகொன்று முல்லைத்தீவுக் கரையை அடைந்தபோது, அதே கேள்வி நம் வாசலிலும் வந்து நின்றது.