அறிந்தும் செய்வது

ஸ்லாவோய் ஷிஷெக் 1989இல் வெளியிட்ட நூலில், சித்தாந்தம் குடியிருப்பது அறிவில் அல்ல, செயலில் என்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரில் வடம் பிடிப்பவனின் நம்பிக்கையை யாரும் சோதிப்பதில்லை, தேர் நகர்கிறது. பணமும் அப்படியே: வெறும் காகிதம் என்று அறிந்தவன் கையிலும் அது செல்லுபடியாகிறது.

ஆனால் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்பவனையும் இந்தச் சூத்திரத்தில் அடக்கலாமா? கூலி போதாதென்று தெரிந்தே அவன் மறுநாளும் தறியை ஓட்டினால், அவனை ஓட்டுவது வீட்டு அடுப்பு. நிறுத்தினாலும் பட்டினி கிடக்க நேராதவன் அறிந்தே தொடரும்போதுதான் ஷிஷெக்கின் குற்றச்சாட்டு முழுதாகப் பொருந்துகிறது. அவன், அவரை வாசிக்கும் நாம். இருவருக்கும் ஒரே பெயர் சூட்டுவது, நம் சௌகரியத்துக்கு நெசவாளியின் பசியைச் சாட்சிக்கு இழுப்பதாகும்.