எங்கே என்பதற்கு முன்னால்

கடனாநதித் தண்ணீரில் நெல் விளையும் ஆழ்வார்குறிச்சியில், பிள்ளை கல்லூரி முடித்ததும் வீட்டில் எழும் கேள்வி, "அடுத்து எங்க?" என்பதுதான். சென்னை, பெங்களூர் என்று பதில் வந்தால் தெருவே பூரிக்கிறது. ஊரிலேயே இருக்கப்போகிறேன் என்றால், "ஏன், ஒண்ணும் அமையலையா?" என்று முகம் வாடிக் கேட்கிறார்கள். மகள் என்றால், "பொம்பளப்பிள்ளைய அவ்வளவு தூரம் எப்படி அனுப்ப?" என்கிறார்கள். வாழப்போகிறவரின் மனசை யாரும் கேட்பதில்லை.

போனவர் ஜெயித்தவர், இருப்பவர் தோற்றவர் என்ற கணக்கை இந்த ஊரின் கதையே பொய்யாக்குகிறது. 1905இல் இங்கே பிறந்த அனந்தராமகிருஷ்ணன் சென்னைக்குப் போய், சிம்சன் நிறுவனத்தில் உயர்ந்து, அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் தலைவரானார். 1960இல் டாஃபே டிராக்டர் நிறுவனம் பிறந்ததும் அவர் காலத்தில்தான். இங்கேயே இருந்திருந்தால் அந்தத் தொழிலை அவர் கற்றிருக்க முடியாது. ஆனால் மகனுக்குப் பக்கத்து மலையடிவாரத்துக் கோயில் ஊரான சிவசைலத்தின் பெயரை வைத்தார். அந்தக் கோயிலின் அம்மன் பரமகல்யாணி பெயரில் ஊருக்கு ஒரு கல்லூரியும் அவரால் வந்தது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டம் வாங்கினார்கள். ஒருவர் போனதால் பலர் இருந்து படிக்க முடிந்தது.

கடையத்துக்கு அப்பால் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்தபின், மென்பொருள் வேலைக்கு நகரம்தான் கதி என்ற பேச்சும் மாறியது. அங்கே எல்லோருக்கும் இடம் கிடைக்காது. ஆனாலும் வேலை ஊரைத் தேடி வர முடியும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம்.

ஆகவே, எங்கே என்பது இரண்டாவது கேள்விதான். எந்த வேலையில் என் கை தேற வேண்டும், அதை யாரிடம் கற்பேன், அது யாருக்கு உதவும் என்பவை முதலில் வர வேண்டும். அந்த வேலை சென்னையில் இருந்தால், வாடகை போக மிஞ்சுவது சொற்பமானாலும் போகத்தான் வேண்டும். வயலிலோ கடையிலோ உள்ளூர்ப் பள்ளியிலோ இருந்தால், தலை நிமிர்ந்து இங்கேயே இருக்கலாம். எங்கிருந்து உழைத்தாலும் ஊருக்கு உதவலாம்.

பெற்றோரே, மகனானாலும் மகளானாலும் முடிவைப் பிள்ளையிடம் விடுங்கள். பிள்ளைகளே, தெரு என்ன சொல்லும் என்று பார்த்து இடம் தேடாதீர்கள். வேலையைத் தேர்ந்துகொண்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.