தண்டுவடக் காயமும் வாய்மையின் அறமும்

முன்னுரை

தண்டுவடம் சிதைந்த ஒருவர் மருத்துவரிடம் கேட்கும் வினாக்களுள் தலையாயது, 'மீண்டும் நடப்பேனா?' என்பது. இது உடலியல் வினாவாகத் தோன்றினும் இதற்குரிய விடை அறவியல் சார்ந்தது. 'நடக்க இயலாது' என்பது கேட்பவரை உடைக்கக்கூடும். 'நடப்பீர்' என்பது அவரை ஏமாற்றக்கூடும். இவ்விரண்டிற்கும் இடையே கடைப்பிடிக்க வேண்டிய வாய்மை யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கைவிடலின் வரலாறு

கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட எகிப்திய எட்வின் சுமித் பாப்பிரசு ஏடு, கழுத்தெலும்பு இடம்பெயர்ந்து கைகால் உணர்விழந்த நிலையை, மருத்துவம் செய்யத்தகாத நோய் என வகுத்தது. இம்முடிவுக்கு நவீன அறிவியலும் நெடுங்காலம் அரண் செய்தது. இசுபானிய நரம்பியல் அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1913-14ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூலில், அறுபட்ட புற நரம்பு மீண்டும் வளர்வதையும், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகள் சிறிது துளிர்த்துப் பின் நின்றுவிடுவதையும் விளக்கினார். எனினும், இந்நிலையை மாற்ற இயலுமாயின் மாற்றுவது வருங்கால அறிவியலின் கடமை என்றும் அவர் குறித்தார். பின்வந்தோர் முற்பகுதியை விதியாகக் கொண்டனர். பிற்பகுதியை ஏறத்தாழ மறந்தனர்.

1980களின் தொடக்கத்தில் மாண்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினர், எலிகளின் தண்டுவடத்தில் புற நரம்புத் துண்டை ஒட்டியபோது, வளராது எனக் கருதப்பட்ட மைய நரம்பிழைகள் அத்துண்டினுள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. நரம்பிழைகளைச் சூழ்ந்த மயலின் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் உண்டு என்பதைச் சூரிச்சில் மார்ட்டின் சுவாப் குழுவினர் காட்டினர். அவற்றுள் 'நோகோ' என்னும் புரதம் 2000இல் இனங்காணப்பட்டது. ஆகவே, தடை நரம்பிழையின் இயல்பில் மட்டும் இல்லை. அதன் சூழலிலும் உள்ளது. 'வளரவில்லை' என்பது சரியான காட்சி. 'வளராது' என்பதோ காட்சியைக் கடந்த கூற்று. அவநம்பிக்கையும் சான்றை மீறிப் பொய்யாகலாம் என்பது இங்கு நோக்கத்தக்கது.

நம்பிக்கையின் விலை

மறுதலையும் உண்மையே. அமெரிக்க நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 2000ஆம் ஆண்டில் ஒளிபரப்பான ஒரு விளம்பரம், கணினி உத்தியால் அவர் எழுந்து நடப்பதாகக் காட்டியது. இதனைக் கடுமையாகக் கண்டித்தவர்களுள் ஒருவர் சார்லஸ் கிரவுத்தமர். மருத்துவ மாணவராக இருந்தபோது நேர்ந்த விபத்தில் அவரும் தண்டுவடக் காயமுற்றவர். விரைவில் குணமாகிவிடும் என நம்பும் இளைஞர், இருக்கும் உடலோடு வாழக் கற்பதைத் தள்ளிப்போடுவர் என்பதே அவரது கண்டனத்தின் சாரம். ரீவின் நம்பிக்கை ஆராய்ச்சிக்கு ஊக்கம் தந்தது. அவர் பெயரிலான அறக்கட்டளை இன்றைய பராமரிப்புக்கும் நிதி வழங்குகிறது. ஆயினும் ஓர் ஆராய்ச்சித் துறைக்கு உரமாகும் நம்பிக்கை, தனி ஒருவரின் ஆண்டுகளைக் கவர்ந்துகொள்ளவும் கூடும்.

இந்தியச் சூழலில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஸ்டெம் செல் சிகிச்சையைக் குருதி சார்ந்த சில நோய்களுக்கே ஏற்றது. பிறவற்றிற்கு அது முறையான ஆய்வுக்குள் மட்டுமே நிகழ வேண்டும் என்றது. மெய்ப்பிக்கப்படாத சிகிச்சைக்காக நிலத்தை விற்கும் குடும்பம் பொருளோடு காலத்தையும் இழக்கிறது.

வள்ளுவரின் அளவுகோல்

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கருத்து. நோயாளியிடம் பொய் கூறலாம் என்பதற்கு இக்கருத்தை மேற்கோளாக்குவோர் உளர். ஆயின், 'நன்மை' என்பதற்கு வள்ளுவர் அடை கொடுத்துள்ளமை கருதத்தக்கது. ஒருவரை இன்று தேற்றி, நாளை அவர் வாழ்வை வெறுமையாக்கும் சொல் தரும் நன்மை குற்றமற்றதாகாது. அதே அதிகாரம், தீமை இல்லாதவற்றைச் சொல்லுதலே வாய்மை என்றும் வரையறுக்கிறது. எனவே, 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று கைவிடும் சொல்லும் வாய்மை ஆகாது. அச்சொல் தீங்கு பயப்பதோடு, உண்மைக்கும் மாறானது.

அது உண்மையன்று என்பதற்கு வரலாறு சான்று. முதல் உலகப் போரில் தண்டுவடக் காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், இடைவிடாத பராமரிப்பால் அந்நிலையை மாற்றினார்; 1948இல் அங்கு அவர் தொடங்கிய விளையாட்டுப் போட்டியே பாராலிம்பிக்காக வளர்ந்தது. 1954இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்திற்கு அடித்தளமிட்டார். இவ்விருவர் பணியிலும் அறுபட்ட நரம்பு ஒன்றேனும் மீண்டும் இணைக்கப்படவில்லை, வாழ்வு மீட்கப்பட்டது.

முடிவுரை

'நடப்பேனா?' என்னும் வினா எதிர்காலத்தது. மருத்துவரின் அறிவோ நிகழ்காலத்தது. முற்றிலும் அறுபட்ட தண்டுவடத்தை மீண்டும் வளரச்செய்து இணைக்கும் உறுதியான சிகிச்சை இன்று இல்லை. மின்தூண்டலின் துணையால் சிலர் அடியெடுத்து வைத்ததாக 2018இல் வெளிவந்த ஆய்வுகளும், பெரும்பாலும் எஞ்சிய நரம்புத் தொடர்களைப் பயன்படுத்தியனவே. நிகழ்கால அறிவை எதிர்கால உறுதியாகத் திரிப்பது, 'ஆம்' எனினும் 'இல்லை' எனினும், வாய்மைக்குப் புறம்பானது. இன்று அறிந்ததை மறைக்காமலும், நாளை அறியப்படக்கூடியதை மறுக்காமலும், இருக்கும் உடலோடு இன்றே தொடங்கத்தக்க வாழ்வைச் சுட்டிக்காட்டுவதே மருத்துவ வாய்மை எனக் கொள்ளலாம். சுட்டிக்காட்டுவதோடு அது நிறைவுறாது. சாய்தளமற்ற கட்டடமும் ஏறவியலாத பேருந்தும் உள்ளவரை, 'வாழ இயலும்' என்று நோயாளியிடம் கூறும் சொல்லை மெய்யாக்கும் கடன் சமுதாயத்திற்கும் உண்டு.