பனியில் நிற்கும் மானுக்கு மக்காச்சோளம் போடலாமா?

பசித்த ஒரு ஜீவன் உங்கள் கண்முன் நிற்கிறது. உங்கள் கையிலோ ஆகாரம் இருக்கிறது. கொடுக்கலாமா, கூடாதா? "இதிலே கேள்வி என்ன பாஸ்டர், கொடுக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். என் மனமும் அங்கேதான் முதலில் ஓடுகிறது. ஆனால் அமெரிக்காவின் வட மாநிலங்களில், குளிர்காலத்தில் வெண்வால் மான்களுக்கு நேரிடுவதைக் கவனித்தால், காரியம் அவ்வளவு லேசானதல்ல.

அங்கே குளிர் என்றால் நம்முடைய மார்கழிக் குளிர் அல்ல. மின்னசோட்டா மாநிலத்தில் நவம்பர் 1 முதல் மே 31 வரை ஒரு கணக்கு எழுதுகிறார்கள். தரையில் 15 அங்குலமாவது பனி கிடக்கும் நாளுக்கு ஒரு புள்ளி. மைனஸ் 18 டிகிரி செல்சியசுக்கோ அதற்குக் கீழோ போகிற நாளுக்கு ஒரு புள்ளி. 180 புள்ளியைத் தாண்டினால் அது கொடிய குளிர்காலம். குளிரைக்கூட மான் தாங்கிவிடும். நெஞ்சளவு பனியில் கால் புதைந்து புதைந்து நடக்கிறதே, அதுதான் அதைக் கொல்லுகிறது.

ஆனாலும் சிருஷ்டிகர்த்தர் அதை வெறுங்கையாய் அனுப்பவில்லை. இலையுதிர் காலத்திலேயே உடம்பில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. ரோமம் அடர்ந்துவிடுகிறது. குளிர் வந்ததும் மான் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். தீனி இருந்தாலும் குறைவாகவே தின்னும். கேதுரு மரங்கள் அடர்ந்த இடங்களில் கூட்டமாய் ஒதுங்கும். (லீபனோனின் கேதுரு அல்ல, பேர் மட்டும்தான் அது.) மேலே கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்ளுவதால் கீழே நடக்க வழி இருக்கும். இப்படியே கொழுப்பைக் கரைத்துக்கரைத்து வசந்தம் வரைக்கும் வந்து சேரவேண்டும். அந்த வருஷத்துக் குட்டிகளுக்குச் சேமிப்பு கொஞ்சம். ஆகவே அவைதான் முதலில் விழுகின்றன. அதுவும் எப்போது? மார்ச்சில், ஏப்ரலில், பனி உருகப்போகிற சமயத்தில்!

இதைப் பார்க்கிற ஒரு நல்ல மனுஷன் மக்காச்சோள மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிறான். இரண்டு மூன்று நாளில் மான் செத்துக் கிடக்கிறது, வயிறு நிறைந்தபடி! ஆடு வளர்த்தவர்களுக்கு இது புரியும். தானிய மூட்டைக்குள் வாய் வைத்த ஆடு வயிறு உப்பிச் சாகிறதில்லையா, அதே கதைதான். குளிர்காலத்தில் மானின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் குச்சியையும் மொட்டையும் செரிக்கப் பழகியிருக்கும். தானியம் திடீரென்று இறங்கினால் அமிலம் பெருகி உயிரையே வாங்கிவிடும். போதாததற்கு, கொட்டின இடத்தில் பலத்த மான்கள் முட்டித் தள்ளும். யாருக்காகக் கொட்டினோமோ அந்தக் குட்டி ஒதுங்கித்தான் நிற்கும். கூட்டம் சேர்ந்தால் நோயும் பரவும். 1967-ல் கொலராடோவில் முதன்முதல் கண்ட, மானை உருக்கிக் கொல்லும் தீரா நோய்க்கு இன்றும் மருந்தில்லை.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதுதான் நியாயமா? அதையும் ஒரு தேசத்தார் செய்து பார்த்தார்கள். நெதர்லாந்தில் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசென் என்றொரு சரணாலயம். 1968-ல் தண்ணீரை வடித்து மீட்ட நிலம். அங்கே மாடுகளையும் குதிரைகளையும் விட்டார்கள். 1992-ல் செம்மான்களையும் விட்டார்கள். இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்பது எண்ணம். சுற்றிலும் வேலி, உள்ளே ஓநாய் இல்லை. 5,000-க்கு மேல் பெருகிவிட்டன. 2017-18 குளிர்காலத்தில் 3,000-க்கும் அதிகமானவை மடிந்தன. அவற்றில் 100-க்குச் சுமார் 90-ஐ, பட்டினியால் துடிக்குமுன் வனக்காவலர்களே சுட்டார்கள். ஜனங்கள் கொதித்தெழுந்து வேலிக்கு மேலாக வைக்கோலை வீசினார்கள். யாரைக் குறை சொல்லுவீர்கள்? சுட்டவனையா, வைக்கோல் வீசினவனையா?

நான் வேலி போட்டவனைக் கேட்பேன். மேய்ச்சல் தேடிப் போகிற வழியை அடைத்துவிட்டு, "இது இயற்கை" என்று சொன்னால் எப்படி? வேலுவே காட்டுக்கு ஒரு வழி திறக்கும் திட்டம்கூட இருந்தது, கைவிட்டுவிட்டார்கள். தொழுவத்தில் மாட்டைக் கட்டினவன் அதற்குத் தீனி கடன்பட்டிருக்கிறான். அங்கே நடந்தது தொழுவம், காடு அல்ல. கடைசியில் 2018-ல், மிருகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தே வைப்பது என்று முடிவெடுத்தார்கள். மின்னசோட்டாவின் மானையோ யாரும் கட்டிவைக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவிலும் ஒன்று உண்டு. வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்னும் ஊரும் பண்ணைகளும் எல்க் மான்களின் குளிர்கால மேய்ச்சலை எடுத்துக்கொண்டன. அவை பட்டினியாய்ச் செத்ததைக் கண்டு 1912-ல் ஒரு புகலிடம் ஏற்படுத்தினார்கள். கடனைத் தீர்க்கிற காரியம், நல்லதுதான். ஆனால் நூறு வருஷத்தைத் தாண்டியும் தீனி போடுவதை நிறுத்த முடியவில்லை. ஆயிரக்கணக்கில் வந்து எதிர்பார்த்து நிற்கின்றன. நோய்ப் பயம் ஒரு பக்கம், நிறுத்தினால் சாவு மறு பக்கம்.

சரி, அந்த மூட்டைக்காரர் என்னதான் செய்வார்? நாயைக் கட்டி வைக்கலாம். பயந்து ஓடுகிற ஒவ்வொரு ஓட்டத்திலும் மானின் கொழுப்பு வீணாய்க் கரைகிறது. தன் நிலத்துக் கேதுருக்களை வெட்டாமல் விடலாம். மெய்ன் மாநிலத்தில் மான் ஒதுங்குகிற இப்படிப்பட்ட காடுகளைக் காக்க, அரசாங்கத்தார் நிலக்காரர்களோடு பேசி ஏற்பாடு செய்கிறார்கள். இதெல்லாம் பனி விழுமுன் செய்கிற வேலை. மார்ச் மாதத்தில் ஜன்னலுக்கு வெளியே விலா எலும்பு தெரிய ஒரு குட்டி நின்றால், மூட்டை கட்டினபடியே இருக்கட்டும் என்றுதான் நான் சொல்லுவேன். சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லுவேன்.